புது டிராக்டரில் கீறல்: சின்ன விஷயமா?

மாட்டுச் சந்தையில் ஒரு விவசாயி மாடு வாங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி எங்கே இருக்கிறது என்று தேடுவார். கொம்பைத் தடவுவார், குளம்பைத் தூக்குவார், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். சுழியினால் மாட்டின் உழைப்பு குறையப் போவதில்லை. ஆனாலும் சுழி சரியில்லை என்றால் விலை குறையும். அதை மறைத்து விற்ற தரகரை அடுத்த சந்தையில் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதே விவசாயி 8 லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு டிராக்டர் வாங்கப் போகும்போது என்ன நடக்கிறது? வண்டிக்கு மாலை போட்டிருக்கிறார்கள். பானட்டில் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். குடும்பமே வந்திருக்கிறது. "ராகு காலம் வர்றதுக்குள்ள எடுத்துடுங்க" என்று ஒருவர் அவசரப்படுத்துகிறார். சாவி கைமாறுகிறது, படம் எடுக்கிறார்கள், நாலைந்து தாள்களில் கையெழுத்து வாங்குகிறார்கள். மறுநாள் காலையில் மாலையைக் கழற்றும்போதுதான் தெரிகிறது, பானட்டின் ஓரத்தில் ஒரு நசுங்கலும் மட்கார்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறலும்.

டீலரிடம் போய்க் கேட்டால் கிடைக்கும் பதில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "என்னண்ணே, வயல்ல இறக்கினா ஒரே வாரத்துல இதைவிடப் பெரிய கீறல் விழும். இதைப் போய்ப் பெருசா சொல்றீங்களே!"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கேட்டவரும் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிவிடுவார். ஆனால் இந்தப் பதில் உண்மையிலேயே நியாயமானதா?

கீறல் எங்கிருந்து வருகிறது?

முதலில் டீலர் பக்கத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பல கீறல்களுக்கு அவர் காரணமே அல்ல. மொஹாலி, ஹோஷியார்பூர், ஃபரீதாபாத், நாக்பூர், புனே என்று டிராக்டர் தொழிற்சாலைகள் பல மாநிலங்களில் இருக்கின்றன. பஞ்சாபிலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு வண்டி வர வேண்டும் என்றால் 2,000 கிலோமீட்டருக்கு மேல் லாரிப் பயணம். ஒரே லாரியில் பல வண்டிகளை நெருக்கி ஏற்றி, சங்கிலியும் கயிறும் போட்டுக் கட்டிக் கொண்டுவருகிறார்கள். சங்கிலி உரசும், கல் தெறிக்கும், இறக்கும்போது பலகையில் இடிக்கும். வந்த பிறகு யார்டில் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். ரோட்டாவேட்டர், கொத்துக்கலப்பை மாதிரியான கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே வைத்திருப்பார்கள்.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லாரி வந்து நின்றதும் விவரமான டீலர் என்ன செய்கிறார்? வண்டியைச் சுற்றிவந்து பார்க்கிறார். நசுங்கல் இருந்தால் படம் எடுக்கிறார். லாரிக்காரர் நீட்டும் ரசீதில் "இன்ன இடத்தில் சேதம்" என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். எழுதாமல் போட்டால் லாரி நிறுவனமும் இன்சூரன்ஸ் நிறுவனமும் பிறகு கையை விரித்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

ஆக, அந்த நசுங்கல் லாரிக்காரருக்கும் டீலருக்கும் நடுவில் இருக்கும்போது அது "சேதம்". டீலருக்கும் விவசாயிக்கும் நடுவில் வரும்போது மட்டும் அது "சின்ன விஷயம்" ஆகிவிடுகிறது! பிரச்சினையே இங்கேதான் இருக்கிறது. கீறல் விழுந்தது குற்றம் இல்லை. அதைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

"வயலுக்குப் போனால் கீறாதா?"

கீறும். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வாதத்துக்கு மூன்று பதில்கள் உண்டு.

ஒன்று, விலை. புது வண்டி என்று சொல்லித்தான் புது வண்டியின் விலையை வாங்குகிறார்கள். புதுச் சட்டையில் கடையிலேயே கறை இருந்தால், "எப்படியும் சாப்பிடும்போது குழம்பு கொட்டத்தானே போகிறது" என்று எந்த ஜவுளிக்கடைக்காரரும் சொல்ல மாட்டார். வேறு சட்டை கொடுப்பார், இல்லை என்றால் விலையைக் குறைப்பார். சொந்தக்காரர் தன் உழைப்பில் போட்ட கீறலும் அடுத்தவர் போட்டு அவர் தலையில் கட்டிய கீறலும் ஒன்றல்ல.

இரண்டு, துரு. தொழிற்சாலையில் தகட்டை முதலில் ரசாயனத்தில் கழுவி, பாஸ்பேட் பூச்சு கொடுத்து, பிரைமர் அடித்து, அதன்மேல் வண்ணம் பூசி, சூட்டில் உலர்த்துகிறார்கள். அந்த அடுக்குகள் முழுவதையும் தாண்டிக் கீறல் இரும்பைத் தொட்டுவிட்டால் அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. சேற்று உழவுக்குப் போகும் வண்டி நாள் முழுக்க தண்ணீரில் நிற்கிறது. டிரெய்லரில் உர மூட்டை ஏற்றுகிறார்கள். பொட்டாஷ் உரம் என்பதே ஒரு வகை உப்புதான். நாகப்பட்டினம் போன்ற கடலோர மாவட்டங்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. கியர் பாக்ஸ் மாதிரி கனமான வார்ப்பு இரும்பில் மேலாகத் துரு பிடித்தால் பெரிய கவலை இல்லை. ஆனால் பானட், மட்கார்டு, கால் வைக்கும் தகடு எல்லாம் மெல்லிய தகடுகள். அங்கே துரு பெயின்டுக்கு அடியிலேயே பரவும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு பாதி போயிருக்கும்.

மூன்று, மறுவிற்பனை. ஐந்தாறு வருடம் கழித்து வண்டியை விற்கப் போகும்போது வாங்க வருபவர் முதலில் பார்ப்பது பெயின்டைத்தான். அன்றைக்கு அந்த டீலரே மாற்று வண்டிக்கு விலை போடும்போது, "பானட் அடி வாங்கியிருக்கே" என்று சொல்லிச் சில ஆயிரம் குறைப்பார். விற்கும்போது பொருட்படுத்தாத நசுங்கலை வாங்கும்போது மட்டும் கண்டுபிடித்துவிடுகிறார்!

கீறல் சொல்லும் கதை

இவற்றையெல்லாம்விட முக்கியமான இன்னொரு காரணம் இருக்கிறது. மேல்பூச்சில் உள்ள குறை சில சமயம் அந்த வண்டியின் பழைய கதையைச் சொல்லிவிடும். புதியது என்று சொல்லப்படும் வண்டி உண்மையிலேயே புதியதுதானா என்று அதை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

1. ரோட்டாவேட்டர் கத்திகள். புதுக் கத்தி என்றால் பெயின்ட் அப்படியே இருக்கும். மண்ணில் ஓடிய கத்தி பளபளவென்று தேய்ந்திருக்கும். கத்தி மின்னினால் அது ஏதோ ஒரு வயலில் செயல்விளக்கத்துக்குப் போய்வந்த கருவியாக இருக்கலாம்.

2. பின்பக்க இணைப்புகள். கருவி மாட்டும் மூன்று கைகள், பின் போடும் துளைகள், பி.டி.ஓ. தண்டு ஆகிய இடங்களில் பெயின்ட் உரிந்து தேய்ந்திருந்தால் ஏற்கெனவே கருவி மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். மணிக்கணக்கு மீட்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

3. போல்ட் தலைகள். பானட், மட்கார்டு போல்ட்டுகளில் பெயின்ட் வெடித்தோ ஸ்பானர் தடம் பட்டோ இருந்தால் அந்தப் பாகத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். எதற்காக என்று கேட்பதில் தவறே இல்லை.

4. மறுபடி அடித்த பெயின்ட். வெயிலில் சாய்வாக நின்று பார்த்தால் நிற வித்தியாசம் தெரியும். ரப்பர் குழாய்கள், லைட் கண்ணாடி ஓரம், ஒயர்களின் மேல் பெயின்ட் தூறல் இருந்தால் அது தொழிற்சாலை வேலை இல்லை. பட்டி போட்டு நிரப்பிய இடத்தில் சின்னக் காந்தம் சரியாக ஒட்டாது.

5. வெளுத்த நிறம். ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் வெளுத்து, டயரில் மெல்லிய வெடிப்புகள் இருந்தால் வண்டி வெகுநாள் யார்டில் நின்றிருக்கிறது. அப்படி நின்றால் பேட்டரியும் ரப்பர் பாகங்களும் முதலிலேயே வயதாகிவிடும். பெரும்பாலான டயர்களின் பக்கவாட்டில், தயாரான வாரத்தையும் வருடத்தையும் குறிக்கும் நான்கு இலக்க எண் இருக்கும். வண்டி தயாரான மாதத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

6. முன்பக்க நசுங்கல். பானட்டின் முகப்பில் அடி பட்டிருந்தால் உள்ளே ரேடியேட்டர் தகடுகள் மடங்கியிருக்கின்றனவா, பானட் பூட்டு சரியாக விழுகிறதா என்று திறந்து பார்ப்பது அவசியம்.

இவ்வளவையும் பார்க்க அரை மணி நேரம் போதும். ஒரு மாட்டுக்குச் செலவழிக்கும் நேரம்கூட ஆகாது.

சட்டம் யார் பக்கம்?

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இந்த விஷயத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது. வாங்குபவர் கேட்டால், பொருளைப் பரிசோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பை விற்பவர் கொடுக்க வேண்டும் என்கிறது 41ஆம் பிரிவு. பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. ஆனால் அதே பிரிவில் ஒரு கொக்கி இருக்கிறது. வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது!

எஞ்சினுக்குள் இருக்கும் குறை யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்கு உத்தரவாத அட்டை இருக்கிறது. மட்கார்டு கீறலோ கண்ணுக்கு முன்னால் இருப்பது. "வண்டி நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்துப் போட்ட பிறகு அதைப் பற்றிப் பேசுவது கஷ்டம். பெரிய குறைகளுக்குப் பிறகும் வழி இருக்கிறது. சின்னக் குறைக்கு அந்த ஒரு நாள்தான் வழி.

அதற்காக எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. பொருளை ஏற்றுக்கொண்ட பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனாலும், சொன்னபடி பொருள் இல்லை என்று காட்டி விலையில் குறைக்கவோ இழப்பீடு கேட்கவோ 59ஆம் பிரிவு இடம் தருகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. புதுப்பித்த, பயன்படுத்திய, பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பது "முறையற்ற வணிக நடைமுறை" என்று அந்தச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. செயல்விளக்கத்துக்கு ஓட்டிய வண்டியைத் துடைத்துப் புதிதென்று விற்பவருக்கு இது நேராகப் பொருந்தும்.

"டிராக்டர் தொழிலுக்கு வாங்குவதுதானே, விவசாயி எப்படி நுகர்வோர் ஆவார்?" என்று சிலர் கேட்பதுண்டு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கருதக் கூடாது என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்ட ஆணையத்தில், தான் குடியிருக்கும் ஊரிலேயே மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம்.

601 டாலர் பெயின்ட்

புது வண்டியின் மேல்பூச்சு பற்றிய இந்தக் கேள்வி ஒருமுறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அது கார் வழக்கு. ஆனால் கேள்வி அதேதான்.

1990இல் அலபாமா மாநிலத்தில் ஒரு மருத்துவர் சுமார் 40,750 டாலருக்குப் புது பி.எம்.டபிள்யூ கார் வாங்கினார். ஒன்பது மாதம் கழித்து, காரைப் பளபளப்பாக்கக் கொடுத்த இடத்தில்தான் அதற்கு ஏற்கெனவே மறுபெயின்ட் அடித்திருப்பது தெரிந்தது. ஜெர்மனியிலிருந்து வரும் வழியில் அமில மழை பட்டுப் பெயின்ட் கெட்டிருக்கிறது. சரிசெய்ய ஆன செலவு சுமார் 601 டாலர். சேதம் விலையில் 3 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால், டீலரிடம்கூடச் சொல்லாமல் புதிது என்றே விற்கலாம் என்பது அந்த நிறுவனம் வைத்திருந்த விதி. ஜூரி 4,000 டாலர் இழப்பீடும் அதன்மேல் 40 லட்சம் டாலர் தண்டனைத் தொகையும் விதித்தது. மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை 20 லட்சமாகக் குறைத்தது. 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதுவும் அளவுக்கு மிக அதிகம் என்று ரத்து செய்தது. கடைசியில் 50,000 டாலரில் வந்து நின்றது.

இந்த வழக்கைப் பலர் "பெயின்டுக்கு 40 லட்சமா!" என்று கேலி செய்யவே பயன்படுத்துகிறார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. தண்டனை அதிகம் என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறைத்தது சரி என்று சொல்லவில்லை. அந்த 3 சதவீத விதியை 8 லட்ச ரூபாய் டிராக்டருக்குப் போட்டுப் பார்த்தால் 24,000 ரூபாய் வருகிறது. நிறுவனத்தின் கணக்கில் அது வெறும் 3 சதவீதம். ஒரு சிறு விவசாயிக்கு அது ஒரு போகத்தின் உரச் செலவைத் தாண்டிவிடும்.

ஏன் கேட்பதில்லை?

சட்டம் இருக்கிறது, நியாயம் இருக்கிறது. இருந்தும் பெரும்பாலானவர்கள் ஏன் பேசாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள்? அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். அது உண்மை இல்லை.

முதல் காரணம், பணம் போகும் வழி. டிராக்டரை அநேகமாக எல்லோரும் கடனில்தான் வாங்குகிறார்கள். டீலர் கொடுக்கும் கொட்டேஷனை வைத்து வங்கி கடனை அனுமதிக்கிறது. பணம் நேராக டீலர் கணக்குக்குப் போய்விடுகிறது. முன்பணமும் போய்விட்டது. வண்டி கைக்கு வரும்போது விவசாயியின் கையில் பேரம் பேச எதுவும் மிச்சம் இல்லை. ஆர்.டி.ஓ. பதிவும் முடிந்துவிட்டால், திருப்பி எடுத்தாலும் அது இரண்டாம் கை வண்டிதான் என்பதால் டீலர் எடுக்கவே மாட்டார்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. அந்தத் தாலுகாவில் அந்த பிராண்டுக்கு ஒரே ஒரு டீலர்தான் இருப்பார். சர்வீஸ், ஸ்பேர் பார்ட்ஸ், மெக்கானிக் எல்லாம் அவரிடம்தான். நடவு நேரத்தில் வண்டி நின்றுபோனால் ஒரு நாள் தாமதம் என்பது ஒரு நாள் வருமானம் மட்டும் இல்லை, முறைத் தண்ணீரும் போய்விடும். ஒரு கீறலுக்காக அவரைப் பகைத்துக்கொண்டால், பிறகு போன் செய்யும்போது "பையன் வெளிய போயிருக்கான்ணே, நாளைக்கு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? இந்தப் பயம்தான் வாயைக் கட்டுகிறது. அது நியாயமான பயமும்கூட. "தைரியமாகக் கேளுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

சண்டை வேண்டாம், ஒரு தாள் போதும்

ஆகவே தீர்வு சண்டையில் இல்லை. எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது என்பதில்தான் இருக்கிறது.

பார்க்க வேண்டிய நாள் பூஜை நாள் அல்ல. அதற்கு முன்னால் ஒரு நாள், கடன் பணம் போவதற்கும் பதிவு நடப்பதற்கும் முன்பாக, பில்லில் வரப்போகும் சேசிஸ் எண்ணுள்ள அந்த வண்டியையே யார்டில் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கூட ஒரு மெக்கானிக்கையோ, ஏற்கெனவே வண்டி வைத்திருக்கும் பங்காளியையோ அழைத்துப் போகலாம். குறை இருந்தால் செல்போனில் படம் எடுத்துவிட்டு, டெலிவரித் தாளிலேயே "இடது மட்கார்டில் கீறல், பானட் ஓரத்தில் நசுங்கல்" என்று இரண்டு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பார்த்து எழுதிவைத்ததைப் பிறகு யாரும் மறுக்க முடியாது, குரலை உயர்த்தவும் தேவையில்லை. டீலர் லாரிக்காரரிடம் செய்வதும் இதேதான்.

அடுத்து, குறைக்கு ஏற்ற பரிகாரம். நசுங்கிய பானட்டுக்கு யார்டிலேயே பட்டி போட்டு பெயின்ட் அடிப்பதைவிடப் பாகத்தையே மாற்றித் தருவது மேல். இரும்பு தெரியும் கீறலுக்குப் பிரைமர் அடித்து ஒழுங்காகப் பூசித் தர வேண்டும், அந்த இடத்தில் துரு வந்தால் தாங்களே பொறுப்பு என்றும் எழுதித் தர வேண்டும். மேலாக விழுந்த சின்னக் கீறலுக்கு விலையில் கொஞ்சம் குறைப்போ இலவச சர்வீஸோ போதும். அதற்குப் போய் வண்டியே வேண்டாம் என்று மறுப்பது சரியில்லை. டீலருக்கும் பிழைப்பு இருக்கிறது.

டீலர்கள் பக்கமும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கேட்பதற்கு முன்பே, "அண்ணே, லாரில வரும்போது இந்த இடத்துல உரசிடுச்சு, இதுக்கு இவ்வளவு குறைச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டால் என்ன நஷ்டம்? சில ஆயிரம் போகலாம். ஆனால் அந்த வார்த்தை ஊர் டீக்கடையில் பேசப்படும். எவ்வளவு விளம்பரப் பலகை வைத்தாலும் கிடைக்காத பெயர் அது. மறைத்தால் பேசப்படுவதும் அதே டீக்கடையில்தான்.

அரசுக்கும் இதில் ஒரு சின்ன வேலை உண்டு. பவர் டில்லர், ரோட்டாவேட்டர் போன்றவற்றுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியம் தருகிறார்கள். கருவியை அலுவலர் நேரில் சரிபார்க்கும் வழக்கமும் இருக்கிறது. அந்தப் படிவத்தில் எண், மாடல் ஆகியவற்றோடு "கருவி வந்து சேர்ந்த நிலை" என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். "மானியத்தில் வந்ததுதானே" என்று பழைய சரக்கைத் தள்ளிவிடும் பழக்கம் குறையும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மானியம் தானம் இல்லை. மீதிப் பணத்தை விவசாயிதான் கட்டுகிறார்.

இரண்டு வரியில் சொல்வதென்றால் இதுதான்: கீறலோடு ஒரு வண்டியை விற்கலாம், வாங்கலாம். ஆனால் அந்தக் கீறல் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதன் விலையும் பேசப்பட்டிருக்க வேண்டும். வாங்குபவருக்கு மட்டும் தெரியாமல் விற்றால், கீறல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது ஏமாற்றுதான்.